அக்னாய் அடுப்பின் மறுபாதி: யூத இறையியலும் பின்நவீனத்துவமும்

யூத மரபைப் பற்றிப் பின்நவீனத்துவர்கள் பேசத் தொடங்கினால் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தால்முத்தின் ‘பாவா மெட்சியா’ பகுதியில், 59ஆம் ஏட்டில் உள்ள கதை அது. துண்டுகளாக வெட்டி, இடையிடையே மணல் வைத்து அடுக்கிய, அக்னாய் எனப்படும் ஒரு களிமண் அடுப்புக்குச் சடங்குத் தீட்டு உண்டா இல்லையா என்று ரபிகளுக்குள் வழக்கு. தீட்டு இல்லை என்கிறார் ரபி எலியேசர். உண்டு என்கிறார்கள் மற்ற எல்லாரும். எலியேசரின் வாதங்கள் எதுவும் எடுபடவில்லை. தன் பக்கம் நியாயம் இருந்தால் அந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார். மரம் இடம்பெயர்ந்து நூறு முழம் தள்ளி நிற்கிறது. ஓடை பின்னோக்கி ஓடுகிறது. கல்விக்கூடத்தின் சுவர்கள் சாய்கின்றன. கடைசியில் வானத்திலிருந்தே ஒரு குரல், எலியேசர் சொல்வதே சரி என்கிறது. ரபி யோசுவா எழுந்து நின்று மறுக்கிறார்: சட்டம் சீனாய் மலையிலேயே மனிதர் கைக்கு வந்துவிட்டது, இனி வானத்துக் குரலுக்கு இங்கே வாக்கு இல்லை, பெரும்பான்மை சொல்வதே முடிவு. இதைக் கேட்டுக் கடவுள் சிரித்தாராம். பிள்ளைகளிடம் தோற்றுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டாராம்.

ஆசிரியனின் மரணத்தை ரோலான் பார்த் 1967இல் அறிவித்தார். அதற்குச் சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மதநூல் தன் ஆசிரியரான கடவுளையே வாக்கெடுப்பில் தோற்கடித்துவிட்டது என்றால், கோட்பாட்டாளர்களுக்கு அது எப்படி இனித்திருக்கும் என்று ஊகிக்கலாம். 1980களில் அமெரிக்க இலக்கியத் துறைகளில் அப்படியொரு காற்று அடித்தது. சூசன் ஹாண்டெல்மன் 1982இல் வெளியிட்ட ‘மோசேயைக் கொன்றவர்கள்’ என்ற நூலில், ஃபிராய்ட், லக்கான், தெரிதா, ஹெரால்ட் ப்ளூம் ஆகியோரின் வாசிப்பு முறைக்குள் ரபிகளின் வாசிப்பு முறை ஒளிந்திருக்கிறது என்று வாதிட்டார். கிரேக்க, கிறிஸ்தவ மரபு சொல்லைத் தாண்டிப் பொருளுக்குப் போகத் துடிக்கிறது. ரபிகளோ சொல்லிலேயே தங்கி, பிரதியிலிருந்து பிரதிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர் வரைந்த கோடு. 1986இல் ஜெஃப்ரி ஹார்ட்மனும் சான்ஃபோர்ட் புடிக்கும் மித்ராஷ் எனப்படும் ரபிகளின் மறைநூல் விளக்கம் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 1990இல் டேனியல் போயாரின், மித்ராஷை ஊடிழைப்பிரதியாக வாசித்துக் காட்டினார்.

இந்த வாசிப்புக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. வெனிஸ் நகரில் டேனியல் பொம்பெர்க் என்ற கிறிஸ்தவ அச்சகர் 1520களின் தொடக்கத்தில் தால்முத் முழுவதையும் அச்சிட்டார். அன்று அவர் வகுத்த பக்க அமைப்பு இன்றும் மாறவில்லை. நடுவில் மூலம், ஒருபுறம் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, மறுபுறம் ராஷியோடு மல்லுக்கட்டும் பிற்கால உரையாசிரியர்கள். நூற்றாண்டுகள் ஒரே தாளில் ஒன்றையொன்று இடைமறித்துப் பேசுகின்றன. மூலத்தைச் சுற்றி உரைகள் அடுக்கடுக்காக வளர்ந்த மரபைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஆனால் தால்முத் தோற்ற கருத்தையும் பெயரோடு பதிந்துவைக்கிறது, பிற்காலத்தில் ஒரு நீதிமன்றம் அதைத் தூக்கிப் பிடிக்க நேரலாம் என்பதற்காக. ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் மூன்று ஆண்டுகள் வாதிட்டபோது, இரு தரப்பும் சொன்னது வாழும் கடவுளின் வார்த்தையே என்று வானத்துக் குரல் தீர்ப்பளித்ததாக இன்னொரு இடம் சொல்கிறது.

அதே குரல் அடுத்த மூச்சில் சொன்னதை மேற்கோள் காட்டுவோர் பலரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டும் கடவுளின் வார்த்தையானாலும் நடைமுறைச் சட்டம் ஹில்லேல் சொன்னபடியே என்றது அது. டேவிட் ஸ்டெர்ன் 1980களிலேயே இந்த ஓட்டையைச் சுட்டினார். ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டு என்பது வேறு, எந்தப் பொருளும் நிலைக்காது என்பது வேறு. மித்ராஷ் சொல்வது முதலாவதை. எல்லாப் பொருளும் ஒரே கொடையாளியிடமிருந்து வந்தவை என்ற உறுதி இருப்பதால்தான் ரபிகள் அத்தனை தைரியமாக முரண்படுகிறார்கள். அந்த உறுதி கழன்று விழுந்த பிறகு எஞ்சுவதைப் பற்றித்தான் தெரிதா எழுதுகிறார். ஸ்டெர்ன் சொன்னது சரியென்றே எனக்குப் படுகிறது. ‘ரபிகளே முதல் பின்நவீனத்துவர்கள்’ என்பது கேட்க நன்றாக இருக்கும்; ஆய்வாக நிற்காது.

அதைவிடப் பெரிய விடுபாடு ஒன்று உண்டு. கடவுள் சிரித்ததோடு அடுப்புக் கதை முடிவதில்லை. எலியேசர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருள்களையெல்லாம் அன்றே கொண்டுவந்து தீயிட்டுக் கொளுத்தினார்கள். அவரை விலக்கிவைக்க வாக்களித்தார்கள். இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? தகுதியில்லாத ஒருவன் போய்ச் சொன்னால் உலகமே அழிந்துவிடும் என்று அஞ்சி ரபி அகிபா தானே போகிறார். கறுப்பு உடுத்தி, நான்கு முழம் தள்ளி உட்காருகிறார். எலியேசர் புரிந்துகொண்டு, உடையைக் கிழித்து, செருப்பைக் கழற்றி, தரையில் அமர்ந்து அழுகிறார். உலகின் ஒலிவத்தில் மூன்றில் ஒரு பங்கும், கோதுமையில் மூன்றில் ஒரு பங்கும், வாற்கோதுமையில் மூன்றில் ஒரு பங்கும் அன்று கருகின. சபைத் தலைவர் கமாலியேல் போன கப்பலை மூழ்கடிக்க அலை எழுந்தது; இஸ்ரவேலில் பிளவு பெருகக் கூடாதென்றே அப்படிச் செய்தேன் என்று அவர் மன்றாடியபின் கடல் தணிந்தது. எலியேசரின் மனைவி இம்மா ஷாலோம் அந்தக் கமாலியேலின் தங்கை. கணவர் முகங்குப்புற விழுந்து வேண்டினால் அண்ணன் பிழைக்கமாட்டான் என்று அறிந்து, நாள்தோறும் அவரைத் தடுத்துவந்தாள். ஒருநாள் தவறியது. அன்று கமாலியேல் இறந்தார். எப்படித் தெரிந்தது என்று கணவர் கேட்க, எல்லா வாசல்களும் பூட்டிக் கிடந்தாலும் சொல்லால் புண்பட்டவரின் வேண்டுதலுக்கான வாசல் பூட்டப்படுவதில்லை என்று தன் குடும்பத்தார் சொல்லிவந்ததைச் சொன்னாள்.

இந்தக் கதை தால்முத்தில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். வாசிப்பு முறை பற்றிய விவாதத்தின் நடுவில் அது வரவில்லை. வணிகத்தில் ஏமாற்றுவது குற்றம் என்பதுபோல் சொல்லால் காயப்படுத்துவதும் குற்றம் என்ற சட்டத்தின் விளக்கமாக வருகிறது. வாங்கும் எண்ணமில்லாமல் விலை கேட்காதே, திருந்தியவனிடம் பழையதைக் கிளறாதே என்ற விதிகளின் வரிசையில் வருகிறது. வாக்கெடுப்பில் யோசுவா சொன்னது சட்டப்படி சரி. எலியேசருக்கு நேர்ந்ததற்கும் யோசுவாவும் மற்ற ரபிகளுமே பொறுப்பு. தொகுத்தவர்கள் இரண்டையும் ஒரே கதையில் கட்டிப்போட்டார்கள். இலக்கியக் கோட்பாடு கடன் வாங்கியது அதில் பாதியை மட்டும். மறுபாதியைக் கையில் எடுத்துத் தத்துவமாக்கியவர் எம்மானுவேல் லெவினாஸ்.

1906இல் லித்துவேனியாவின் கௌனஸ் நகரில் பிறந்தவர் அவர். ஸ்ட்ராஸ்பூர்கில் படித்தார், 1928-29இல் ஃப்ரைபூர்க் போய் ஹுஸ்ஸெர்லிடமும் ஹைடெகரிடமும் பாடம் கேட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1940இல் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். சீருடை அவர் உயிரைக் காத்தது. போர்க்கைதி என்பதால் வதைமுகாமுக்கு அனுப்பப்படாமல், ஹானோவர் பக்கத்தில் காட்டு வேலையில் வைக்கப்பட்டார். மனைவியையும் மகளையும் ஒளித்துவைக்க நண்பர் மொரீஸ் பிளான்ஷோ உதவினார். கௌனஸில் இருந்த பெற்றோரும் இரு சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் சில வாரங்கள் வந்துபோன ஒரு தெருநாயைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். கைதிகள் அதற்குப் பாபி என்று பெயர் வைத்தார்கள். வழியில் பார்த்த ஜெர்மானியருக்கு அவர்கள் மனிதர்களாகத் தெரியவில்லை. வேலை முடிந்து திரும்பும்போது குதித்துக் குலைத்து வரவேற்ற பாபிக்கு அதில் ஐயமே இல்லை.

போருக்குப் பின் பாரிஸில் யூத ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கு இயக்குநரானார். அப்போதுதான் ஷூஷானி என்ற புதிரான மனிதரிடம் தால்முத் கற்றார். எங்கே பிறந்தார், உண்மைப் பெயர் என்ன என்று யாரிடமும் சொல்லாமல், நாடோடிபோல் உடுத்தி அலைந்த ஷூஷானி 1968இல் உருகுவேயில் இறந்தார். எலீ வீசலும் அவருடைய மாணவர்தான். பிரெஞ்சு யூத அறிவாளர்கள் 1957 முதல் ஆண்டுதோறும் கூடிய மாநாட்டில் லெவினாஸ் தால்முத் பகுதிகளை எடுத்து விளக்கிவந்தார். அவருடைய தத்துவ நூல்களைவிட அந்த உரைகளில்தான் அவர் இறையியல் வெளிப்படையாகத் தெரிகிறது.

அதன் சாரம் இது. எதிரே இருப்பவரின் முகம் என்னிடம் ஒரு கட்டளையோடு வருகிறது. அவரை நான் அறிவதற்கு முன்பே, ஒப்பந்தம் எதுவும் போடுவதற்கு முன்பே, அவருக்கு நான் பொறுப்பாளி ஆகிவிடுகிறேன். மேற்கத்தியத் தத்துவம் எல்லாவற்றையும் அறிந்து, வகைப்படுத்தி, தன் முழுமைக்குள் விழுங்கப் பார்த்தது. விழுங்க முடியாத மிச்சம் மற்றவர். 1961இல் வந்த ‘முழுமையும் முடிவிலியும்’ நூலின் வாதம் இதுவே. அதன் முன்னுரையில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்குக்குத் தான் பட்ட கடனை ஒப்புக்கொள்கிறார். ரோசன்ஸ்வைக் முதல் உலகப்போரில் மாசிடோனியப் போர்முனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அஞ்சலட்டைகளிலேயே ‘மீட்பின் விண்மீன்’ நூலை எழுதத் தொடங்கியவர். ஹேகலின் முழுமைக்கு எதிராகச் சாகப்போகும் தனிமனிதனை நிறுத்திய அந்த நூல் 1921இல் வெளிவந்தது. பெருங்கதையாடல்கள் மீது நம்பிக்கை போய்விட்டது என்று லியோதார் 1979இல் அறிக்கை எழுதியபோது, யூதச் சிந்தனையாளர்களுக்கு அது புதிய செய்தியாக இருந்திருக்காது.

லெவினாஸின் கடவுள் ஆறுதல் தருபவர் அல்லர். வார்சா கெட்டோவில் இறந்த ஒருவரின் இறுதிச் சாட்சியமாக உலவிய, உண்மையில் ஸ்வீ கோலிட்ஸ் 1946இல் எழுதிய ஒரு கதையைப் பற்றி அவர் 1955இல் பேசினார். தன்னைக் காப்பாற்றாத கடவுளின் மேல் கோபத்தோடு, அவர் தந்த சட்டத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும் யூதனின் கதை அது. நல்லதற்குப் பரிசும் கெட்டதற்குத் தண்டனையும் தரும் கடவுளை நம்புவது குழந்தைப் பருவ நம்பிக்கை, அது போகவேண்டியதுதான் என்பது லெவினாஸின் முடிவு. வானம் வெறுமையான பிறகும் கட்டளை நிற்கிறது. அவரைப் பின்நவீனத்துவர் என்ற பட்டியலில் சேர்க்கும்போது இதை மறக்கக் கூடாது. பொருள்களின் விளையாட்டு அவருக்கு உகந்ததல்ல. தன் முறை வரும்வரை காத்திருக்கும் ஒரு பசித்த மனிதர் எப்போதும் அவர் பக்கத்தில் நிற்கிறார்.

தெரிதாவின் யூதம் வேறு மாதிரியானது. தமிழில் அவர் சிறுபத்திரிகைகள் வழியே வந்தபோது பெரும்பாலும் மொழி பற்றிய கோட்பாட்டாளராக மட்டும் வந்தார். அல்ஜியர்ஸ் யூதச் சிறுவன் அந்தப் பொதியில் வரவில்லை. 1870இல் அல்ஜீரிய யூதர்களுக்குப் பிரான்ஸ் வழங்கிய குடியுரிமையை, ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசு 1940இல் பறித்தது. 1942இல் பள்ளிகளில் யூத மாணவருக்கான ஒதுக்கீட்டு வரம்பைக் காட்டிப் பன்னிரண்டு வயதுத் தெரிதாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீக்கப்பட்ட யூத ஆசிரியர்கள் தொடங்கிய பள்ளியில் சேர்த்தபோதும் அவர் ஒட்டவில்லை. வகுப்புக்குப் போகாமல் சுற்றினார். வெளியே தள்ளிய கூட்டத்தின் மீதும், சேர்த்துக்கொண்ட கூட்டத்தின் மீதும் ஒரே அளவு ஒவ்வாமை. பிற்காலத் தெரிதா முழுவதும் அங்கே விதையாக இருக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

1964இல் லெவினாஸைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை மரியாதையும் ஐயமும் கலந்தது. கிரேக்கத் தத்துவத்தை விட்டு வெளியேற விரும்பும் லெவினாஸ், வெளியேறுவதற்கும் கிரேக்க மொழியைத்தானே பயன்படுத்துகிறார் என்று கேட்டார். 1986இல் எருசலேமில் அவர் ஆற்றிய உரை எதிர்மறை இறையியல் பற்றியது. கடவுள் இன்னது அல்ல, இன்னது அல்ல என்று மட்டுமே சொல்லலாம் என்ற வழியை யூத மரபில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ். தெரிதாவோ அந்த உரையில் பிளேட்டோவையும் கிறிஸ்தவ மறைஞானிகளையும் ஹைடெகரையும் பேசிவிட்டு, தனக்கு மிக நெருக்கமான யூத, அரபு மரபுகளைத் தொடாமல் விட்டதாக அடிக்குறிப்பில் சொன்னார். 1990களில் விருத்தசேதனத்தையும் சாகக் கிடக்கும் தாயையும் பற்றி எழுதினார். எந்த மெசியாவையும் குறிக்காத, வருகைக்கான திறப்பு மட்டுமே கொண்ட ஒரு மெசியத் தன்மை பற்றிப் பேசினார். இறையியலாளர்கள் இதை ஆவலோடு அள்ளிக்கொண்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கட்டளையும் சமூகமும் சட்டமும் இல்லாத காத்திருப்பை யூத இறையியல் என்று அழைக்க யூத மரபே சம்மதிக்காது. 1988இல் லியோதார், சிறிய எழுத்தில் தொடங்கும் ‘யூதர்’களை ஐரோப்பா மறக்க விரும்பும் எல்லாவற்றுக்கும் குறியீடாக்கினார். அப்படிக் குறியீடானபின் ரத்தமும் சதையுமான யூதர்கள் எங்கே போனார்கள் என்று டேனியல், ஜோனதன் போயாரின் சகோதரர்கள் 1993இல் ஒரு கட்டுரையில் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

யூத இறையியலாளர்களுக்குப் பெருங்கதை உடைந்தது அவுஷ்விட்ஸில். வரலாற்றின் கடவுளை இனி நம்ப முடியாது என்று ரிச்சர்ட் ரூபன்ஸ்டைன் 1966இல் எழுதினார். ஹிட்லருக்கு இறந்தபின் வெற்றி தரக் கூடாது என்பதை 613 கட்டளைகளோடு சேரும் 614ஆவது கட்டளையாக்கினார் எமில் ஃபாக்கன்ஹைம். 1990இல் ஜூடித் பிளாஸ்கோ வேறொரு உடைப்பைக் காட்டினார்: சீனாய் மலையடியில் மக்களைத் தயாராகச் சொன்ன மோசே, பெண்ணை நெருங்காதீர்கள் என்று ஆண்களிடம் மட்டும் பேசுகிறார், அப்படியானால் பெண்கள் அங்கே நின்றார்களா? 1991இல் யூஜின் போரோவிட்ஸ் பின்நவீன யூதருக்கான இறையியல் என்றே பெயரிட்டு உடன்படிக்கையை மையமாக வைத்து எழுதினார். இவையெல்லாம் பெரும்பாலும் அமெரிக்கத் தாராளவாத வட்டத்துக்குள் நடந்தவை. உண்மையான சோதனை வைதீகத்துக்குள், அதுவும் இஸ்ரேலின் சமய சியோனிச முகாமுக்குள் நடந்தது. நடத்தியவர் ஷிமோன் கெர்ஷோன் ரோசன்பெர்க். ரபி ஷாகர் என்பது அவருக்கு வழங்கிய சுருக்கப்பெயர்.

1949இல் எருசலேமில் பிறந்தவர். 1973 போரில் கோலான் குன்றுகளில் அவருடைய பீரங்கி வண்டி தாக்கப்பட்டது. உடனிருந்த, யெஷிவா என்னும் சமயப் பாடசாலையின் இரண்டு நண்பர்கள் இறந்தார்கள். அவர் கடும் தீக்காயங்களோடு பிழைத்தார். அவர் வளர்ந்த முகாமில் வரலாற்றுக்கு ஒரு திசை இருந்தது. அந்த முகாமின் வழிகாட்டியான ரபி கூக்கின் வழியில், இஸ்ரேல் அரசே மீட்பின் தொடக்கம், போர்களும் வெற்றிகளும் அதன் படிகள் என்று அது நம்பியது. பின்நவீனத்துவம் அந்த முகாமுக்குக் கொடிய நஞ்சாகத் தெரிந்தது. ஷாகர் அதை எடுத்துக் குடித்துப் பார்த்தார். லியோதார், ஃபூக்கோ, தெரிதா, லக்கான் ஆகியோரை ஹசிதியம் என்னும் யூத பக்தி இயக்கத்தின் நூல்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தினார். ‘உடைந்த கலங்கள்’ என்று தன் நூலுக்குப் பெயர் வைத்தார்.

அந்தப் பெயர் 16ஆம் நூற்றாண்டில் சாஃபெட் ஊரில் வாழ்ந்த ஐசக் லூரியாவின் கப்பாலா என்னும் மறைஞானப் போதனையிலிருந்து வந்தது. கடவுள் உலகைப் படைக்க முதலில் தன்னைச் சுருக்கி ஒரு வெற்றிடம் விட்டார். அதில் பாய்ந்த ஒளியைத் தாங்காமல் கலங்கள் உடைந்தன. சிதறிய ஒளித்துணுக்குகளைச் சேர்ப்பது மனிதர் வேலை. பிரெஸ்லவ் ரபி நக்மான், 1810இல் 38 வயதில் இறந்த ஹசிதிய ஞானி, இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார். உடைந்த கலங்களிலிருந்து எழும் மறுப்புக்கு விடை உண்டு. கடவுள் விலகிய வெற்றிடத்திலிருந்து எழும் மறுப்புக்கு விடையே கிடையாது, ஏனெனில் அங்கே அவர் இல்லை. இருந்தும் அவர் இல்லாத இடம் எதுவும் இல்லை. இந்த முரணை அறிவு கடக்க முடியாது. மௌனமும் பாட்டுமே அங்கே வழி.

ஷாகர் இங்கேதான் பின்நவீனத்துவத்தை நிறுத்தினார். உண்மைக்கு அடித்தளம் இல்லை என்று அது சொல்கிறதா? நக்மானின் வெற்றிடம் அதுதான். அடித்தளத்தை நிறுவிக் காட்டி நம்பவேண்டிய கட்டாயம் போய்விட்டால், நம்பிக்கை வெறும் விசுவாசமாக, ஒருவர் தன் வீட்டில் இருப்பதுபோல இயல்பானதாக ஆகலாம். என் வீடு உலகிலேயே சிறந்தது என்று நிரூபித்துவிட்டா நான் அதில் குடியிருக்கிறேன்? அதனால் மற்றவர் வீட்டைப் பொய் என்று சொல்லும் தேவையும் குறைகிறது. நிறுவனங்களும் கொள்கைகளும் நொறுங்குவது அவருக்கு ஒளி சிந்தும் வேளையாகத் தெரிந்தது. இதைக் கேட்டு அவர் முகாமின் கடும்போக்கினர் சும்மா இருக்கவில்லை. சந்தேகத்தைப் பாடசாலைக்குள் விட்டுவிட்டார் என்றார்கள். 2005 ஆகஸ்டில் இஸ்ரேல் அரசு காசாவின் 21 குடியேற்றங்களிலிருந்து சுமார் 8,000 பேரை வெளியேற்றியபோது, மீட்பின் பாதையில் பின்வாங்கல் கிடையாது என்று நம்பியவர்களுக்குக் கதை அறுந்தது. அந்தத் தலைமுறை மாணவர்களில் பலர் ஷாகரிடம் வந்து சேர்ந்ததில் வியப்பில்லை. 2007இல் அவர் இறந்தபோது அச்சில் வந்திருந்தது கொஞ்சம். எஞ்சியதை மாணவர்கள் தொகுத்து வெளியிட்டுவருகிறார்கள்.

ஆனாலும் ஷாகரின் வீட்டில் ஒரு அறை இருட்டாக இருக்கிறது. அடித்தளம் இல்லாத நம்பிக்கை தனக்குள் மென்மையாக இருக்கலாம். அந்த நம்பிக்கையாளர் கையில் ஓர் அரசும் படையும், ஆளப்படும் இன்னொரு மக்களும் இருக்கும்போது, ‘இது என் வீடு’ என்ற சொல் மென்மையாக ஒலிக்காது. போயாரின் சகோதரர்கள் அதே 1993 கட்டுரையில், யூதர் உலகுக்குத் தந்த பெருங்கொடை ஒருவேளை புலம்பெயர் வாழ்வே என்றும், நில ஆட்சியைத் துறந்த அடையாளமே பிறரோடு வாழத் தகுந்தது என்றும் வாதிட்டார்கள். எளிதில் ஏற்க முடியாத வாதம். ஆட்சியில்லாத யூதருக்கு ஐரோப்பாவில் நேர்ந்தது ஊரறிந்தது. ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

லெவினாஸே அந்த இடத்தில் தடுமாறினார். 1982 செப்டம்பரில், இஸ்ரேல் படையின் கட்டுப்பாட்டில் இருந்த பெய்ரூத் பகுதியில், சப்ரா, ஷத்தீலா முகாம்களின் பாலஸ்தீனரை லெபனான் ஃபலாஞ்சியர்கள் கொன்று குவித்தார்கள். சில நாள் கழித்து ஒரு வானொலி உரையாடலில் அவரிடம் கேட்டார்கள்: இஸ்ரேலியருக்கு ‘மற்றவர்’ என்றால் முதலில் பாலஸ்தீனர்தானே? நேரடியாக ஆம் என்று அவர் சொல்லவில்லை. அண்டையவர் இன்னொரு அண்டையவரைத் தாக்கினால் நிலைமை மாறுகிறது, அப்போது மற்றவரிடத்தில் எதிரியையும் காண நேரலாம் என்றார். குற்றம் செய்யாதவருக்கும் பொறுப்பு உண்டு என்று அதே உரையாடலில் வலியுறுத்தினார். எந்தப் புனித நிலத்தைவிடவும் மனிதரே புனிதம், மனிதர் இழிவுபடுத்தப்படும் இடத்தில் அந்த நிலம் வெறும் கல்லும் மரமும்தான் என்ற பொருளிலும் பேசினார். முதல் பதிலை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை மொத்தமாகத் தள்ளுவோர் உண்டு; கடைசிச் சொல்லை மட்டும் காட்டி அவரைக் காப்பாற்றுவோரும் உண்டு. என் கணிப்பில், கேட்ட கேள்விக்கு அவர் தந்த பதில் அவருடைய நூல்களைவிடத் தாழ்ந்தது. கடைசியில் சொன்னது அந்த நூல்களுக்கு இணையானது. லெவினாஸை இனி வாசிக்கப் போகிறவர்கள் 1961ஆம் ஆண்டு நூலோடு நிறுத்திக்கொள்ளாமல், தால்முத் உரைகளையும் இந்த வானொலி உரையாடலையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.